ஷாவிலிருந்து செக் வரை

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளி வியாபாரியோடு ஒரு பகல் இருந்தால், ஒரே சொல் எத்தனை வேடம் போடுகிறது என்று கேட்டுவிடலாம். காலையில் வங்கிக்குப் போன் போட்டு, 'செக் பாஸ் ஆயிடுச்சா?' என்பார். வந்திறங்கிய துணியில் பெரிய செக்கைத் தனியாக, சின்ன செக்கைத் தனியாக அடுக்கச் சொல்வார். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று செக் பண்ணச் சொல்வார். சரக்கு லாரி செக்போஸ்ட்டில் நிற்பதாகத் தகவல் வரும். சாயங்காலம் சர்க்கரைக்குச் செக்கப். போகிற வழியில் மாலைப் பத்திரிகையைப் பிரித்தால், கூட்டணிக் கட்சிக்கு யாரோ ஒரு தலைவர் 'செக்' வைத்திருப்பார்.

பணம் கொடுக்கும் தாள், துணியில் கட்டம், சரிபார்த்தல், தடுத்து நிறுத்தல், உடல் பரிசோதனை, அரசியல் காய்நகர்த்தல். இவற்றுக்குள் என்ன உறவு? ஆங்கில அகராதிகள் இந்தச் சொல்லுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பொருள்களை அடுக்கிக்கொண்டே போகின்றன. வரிசையைப் படிக்கிறவருக்கு, யாரோ தற்செயலாக ஒரே ஓசையைப் பல பொருள்களுக்கு ஒட்டிவிட்டதாகவே தோன்றும். உண்மை வேறு. இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய்ச்சொல் பாரசீகத்தில் பிறந்தது. அதைச் சுமந்து போன விளையாட்டு இந்தியாவில் பிறந்தது.

கதைக்குள் போவதற்கு முன், உறவுக்காரர் போல வேஷம் போடுபவர்களை விலக்கிவிட வேண்டும். செக்கு எது, சிவலிங்கம் எது என்று தெரியாமல் சொல்லாராய்ச்சி செய்ய முடியாது. எண்ணெய் ஆட்டும் செக்கு தமிழ்ச் சொல், இதற்குத் தொடர்பில்லை. செக் குடியரசு ஓர் இனத்தின் பெயரால் வந்தது. தமிழில் எழுதும்போது மட்டும் காசோலையும் அந்த நாடும் ஒன்றாகத் தெரிகின்றன. பத்திரம் எழுதுபவர்கள் நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்ல 'செக்குபந்தி' என்று எழுதுகிறார்களே, அதுவும் வேறு. வடக்கே நிலத்துண்டைக் குறிக்கும் 'சக்' என்ற சொல்லோடு 'பந்தி' சேர்ந்து, வருவாய்த் துறை வழியாக நம் பத்திரங்களுக்குள் நுழைந்தது அது.

இனி அரசனிடம் வருவோம். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் 'சத்ரங்' ஆனது. ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தை வென்றபோது, அவர்கள் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. எதிராளியின் அரசனைத் தாக்கும் காயை நகர்த்தியவர், 'ஷா!' என்று அறிவிப்பது வழக்கம். ஷா என்றால் பாரசீகத்தில் அரசன். வடமொழியின் க்ஷத்திரம் என்ற சொல்லுக்குத் தூரத்து உறவு. 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்ற எச்சரிக்கை அது.

'ஷா மாத்' என்ற முடிவுக் குரலுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அரபு மொழி வழியே பார்த்தால் 'அரசன் இறந்தான்'. பாரசீக வழியே பார்த்தால் 'அரசன் செயலற்றுப் போனான்'. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை. நகர வழியில்லாமல் அவன் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அரபுகளிடமிருந்து ஐரோப்பாவுக்குப் போன 'ஷா', இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆனது. அதன் பன்மை 'எஸ்செஸ்'. ஆங்கிலேயர்கள் இரண்டையும் தலையை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பன்மையிலிருந்து விளையாட்டின் பெயரான 'செஸ்' வந்தது. ஒருமையிலிருந்து 'செக்' வந்தது. ஆக, 'செஸ்ஸில் செக்' என்று நாம் சொல்லும்போது, 'அரசர்களில் அரசன்' என்று ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம். பிரெஞ்சில் இந்தச் சொல் இன்னொரு பாதையில் போய்த் தோல்வி என்ற பொருளையும் பெற்றது. தேர்தலில் தோற்றவரின் நிலையும் அங்கே 'எஷெக்'தான்.

ஆட்டத்தின் விதி ஒன்றைக் கவனித்தால், மற்றப் பொருள்கள் பிறந்த இடம் தெரியும். செக் வந்துவிட்டால் ஆடுபவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. மனத்தில் எத்தனை பெரிய திட்டம் வைத்திருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அரசனை நகர்த்தலாம், குறுக்கே ஒரு காயை வைக்கலாம், தாக்கும் காயை வெட்டலாம். மூன்றும் முடியாவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நிறுத்தப்படுகிறது. பதில் சொன்னால்தான் மேலே போக முடியும். அரசன் என்ற பொருள் ஆங்கிலத்தில் காணாமல் போனது; நிறுத்தம் என்ற பொருள் தங்கிவிட்டது. 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சதுரங்கப் பலகைக்கு வெளியே எந்தத் தடைக்கும் தடங்கலுக்கும் 'செக்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வேட்டைக்காரர்களும் விடவில்லை. ஏவிய வல்லூறு குறித்த இரையை விட்டு, வழியில் கண்ட சில்லறைப் பறவையின் மேல் பாய்ந்தால் அதற்கும் செக் என்றே பெயர்.

இதற்கு வெகு காலம் முன்பே, சதுரங்கப் பலகை இங்கிலாந்து அரசின் கஜானாவுக்குள் நுழைந்துவிட்டது. இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு 'எஸ்செக்கியேர்' என்று பெயர். நார்மன் அரசர்கள் ஆண்ட இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் அரசருக்கு வர வேண்டிய வருமானத்தை வசூலித்தவர் ஷெரிஃப். ஆண்டுக்கு இரண்டு முறை, ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளை ஒட்டியும், அவர் வந்து கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். அதன் மேல் இருப்பவை உருண்டு விழாதபடி, சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேசை மேல் கறுப்புத் துணி. துணியில் ஓர் அடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடு. இந்தக் கட்டங்களில் காய்களை வைத்துத்தான் நாட்டின் வரவு செலவைப் பார்த்தார்கள்.

இது விளையாட்டுக்காகச் செய்ததில்லை. அன்று அங்கே எழுத்தில் இருந்தவை ரோமன் எண்கள். அவற்றில் பூஜ்யம் கிடையாது, இட மதிப்பும் கிடையாது. போதாக்குறைக்கு 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. தாளில் எழுதிக் கழித்துப் பார்ப்பது பெரும் தலைவலி. துணியில் அந்தத் தலைவலி இல்லை. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு, இருபது பவுண்டுக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்கு என்று தனித்தனிப் பத்திகள். ஷெரிஃப் கட்ட வேண்டிய தொகையை மேலே காய்களாக அடுக்குவார்கள். கட்டிய தொகையைக் கீழே அடுக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிட்டால் பாக்கி எவ்வளவு என்பது மேசையிலேயே கிடக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபும் தன் பாக்கியைக் கண்ணால் பார்க்கலாம்; மறுத்துப் பேச முடியாது.

இந்த விவரங்கள் நமக்குக் கிடைக்கக் காரணம், 1170-களின் இறுதி வாக்கில் லத்தீனில் எழுதப்பட்ட ஒரு நூல். எழுதியவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். அவரே அரசரின் பொருளாளர். ஆசிரியரும் மாணவரும் உரையாடுவது போல அமைத்திருக்கிறார். இந்த அலுவலகத்துக்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் என்று மாணவர் கேட்கிறார். துணி அப்படித் தெரிவதால்தான் என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் இன்னொன்றையும் சேர்க்கிறார். சதுரங்கத்தில் அரசர்கள் மோதுவது போல, இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்கிறார். வரி கட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் உள்ள உறவை இதைவிட நேர்மையாக எந்த நிதித்துறை அதிகாரியும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பின்னாளில், தொடக்கத்தில் உள்ள 'எஸ்' என்பது லத்தீன் முன்னொட்டான 'எக்ஸ்' என்று படித்தவர்கள் தப்பாக நினைத்து, அதைத் 'திருத்தி'விட்டார்கள். அப்படி வந்ததுதான் 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் அதிகாரப்பூர்வப் பதவிப்பெயர் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. தமிழில் சொன்னால், சதுரங்கப் பலகையின் சான்சலர்.

அந்த மேசையில் காய்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது: வெட்டுக்குறி போட்ட குச்சி. பணம் கட்டியவுடன் தொகைக்கேற்ற அகலத்தில் குச்சியில் வெட்டுகள் போட்டு, அதை நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி கட்டியவரிடம், மறுபாதி கஜானாவில். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்தின் ரேகை பொருந்தாவிட்டால் மோசடி தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு 1826 வரை நடந்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். 1834 அக்டோபர் 16 அன்று, பயனற்றுப் போன அந்தக் குச்சிகளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்ப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி வழியே தீ பரவி, பாராளுமன்றக் கட்டடமே பெரும்பகுதி எரிந்துபோனது.

குச்சியின் இடத்தைத் தாள் பிடித்தபோதும் ஏற்பாடு மாறவில்லை. ஒரு பாதி கொடுப்பவரிடம், மறுபாதி வாங்குபவரிடம். இங்கேதான் 'செக்' வங்கிக்குள் வருகிறது. வங்கியாளருக்கு 'இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று எழுதும் தாள் 17ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் உண்டு. 1659-60இல் 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட ஒன்று இன்றும் கிடைக்கிறது. அப்போது அதற்குச் செக் என்ற பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்பது தாளின் அடிக்கட்டைக்கு வைத்த பெயர். அடிக்கட்டை இருந்தால் போலித் தாளைத் தடுக்கலாம்; தடுப்பதால் அது செக். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அடிக்கட்டையின் பெயர் அதிலிருந்து கிழிக்கும் தாளுக்கே போய்விட்டது. கட்டையைக் குறித்த சொல் கிழிந்த துண்டோடு கிளம்பிப் போன கதை இது.

எழுத்துக்கூட்டல் பிறகு பிரிந்தது. 1820-களின் பிற்பகுதியில் வங்கியியல் கையேடு எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், குழப்பம் வராமல் இருக்கவும் 'எக்ஸ்செக்க'ரோடு ஒத்துப்போகவும் கடைசியில் 'கியூ' போட்டு எழுதும் முறையைத் தேர்ந்ததாகச் சொல்கிறார். பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் அதையே பிடித்துக்கொண்டன. அமெரிக்கா பழைய எழுத்தையே வைத்துக்கொண்டது. நாம் 'கியூ'வோடு எழுதக் காரணம், 1881-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம். பணம் இல்லாமல் செக் திரும்பினால் குற்றம் என்று ஆக்கிய 138ஆம் பிரிவு அதே சட்டத்தில் பின்னால் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 'செக் பவுன்ஸ் கேஸ்' என்று நீதிமன்ற வளாகங்களில் கேட்கிறோமே, அது இந்தப் பிரிவுதான்.

ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்ல வேண்டும். காசோலைக்கான 'செக்' அரபுச் சொல்லான 'ஸக்' என்பதிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஸக் என்பது எழுத்து வடிவிலான கடன் அல்லது கொடுப்பு ஆவணம். பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், இன்றைய மொரிட்டானியாவில் உள்ள அவ்தகுஸ்த் நகரத்தில், 42,000 தினாருக்கான ஒரு ஸக்கைக் கண்டதாக எழுதியிருக்கிறார். பணத்தைச் சுமக்காமல் தாளைச் சுமக்கும் பழக்கம் அரபு வணிகர்களிடம் முன்பே இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பழக்கம் வந்த வழியும் சொல் வந்த வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சான்றுகள் அடிக்கட்டையிலிருந்து தாளுக்கு என்று படிப்படியாக நகர்வதைக் காட்டுகின்றன. 'ஸக்' நுழைந்திருந்தால் இந்த இடைப்படி தேவையே இல்லை. ஓசை ஒற்றுமை மட்டும் போதாது. அது போதும் என்றால் செக்குபந்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

துணிக்கு வருவோம். சதுரங்கப் பலகை போலக் கட்டம் விழுந்த எதற்கும் ஆங்கிலத்தில் 'செக்கர்' என்ற பெயர் வந்தது. அது சுருங்கித் துணிக்கட்டத்துக்கு மறுபடி 'செக்' ஆனது. இந்தப் பொருளில் நமக்கு நேரடிப் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் கைத்தறியில் நெய்த கட்டத் துணி 'மெட்ராஸ் செக்' என்ற பெயரிலேயே உலகம் சுற்றியது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையான சடங்குகளில் உடுத்துகிறார்கள். 1960-களில் அமெரிக்காவில் அதே துணி வேறு விதமாகப் புகழ் பெற்றது. துவைக்கத் துவைக்கச் சாயம் கலந்து வெளுத்தது. குறையை மறைப்பதற்குப் பதில், சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்து விற்றார்கள்! நம் ஊர் ரங்கநாதன் தெருவில் அப்படிச் சொல்லி ஒரு சட்டை விற்க முடியுமா?

மலாய் நாடுகளில் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலேகாட்'. பெலேகாட் என்பது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி, அங்கிருந்து துணி ஏற்றிப் போனதன் தடம். ஒரே கட்டத்துக்கு மேற்கே சதுரங்கத்தின் பெயர், கிழக்கே தமிழ்க் கடற்கரை ஊரின் பெயர்.

சரிபார்த்தல் என்ற பொருள், நாம் இன்று அதிகம் புழங்குவது, வயதில் இளையது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது தெளிவாகத் தலைகாட்டுகிறது. தடுத்து நிறுத்து, ஒப்பிட்டுப் பார், பொருந்தினால் விடு. செக்போஸ்ட்டில் நடப்பதும் இதுவே, பேருந்தில் ஏறும் டிக்கெட் செக்கர் செய்வதும் இதுவே. அமெரிக்க ரயில்வேயில் பெட்டிக்கு ஒன்று, பயணிக்கு ஒன்று என்று கொடுத்த பித்தளை வில்லைக்கும் செக் என்று பெயர். விமானத்தில் 'செக்-இன் பேகேஜ்' என்று சொல்வது அந்த வழி. அமெரிக்க உணவகத்தில் சாப்பாட்டுக் கணக்கும் செக்தான். 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் சோதனைக் குண்டுவீச்சு விமானம், வால் பகுதிக் கட்டுப்பாட்டின் பூட்டை விடுவிக்காமல் கிளம்பியதால் விழுந்தது. அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குச் 'செக்லிஸ்ட்' கட்டாயப் பழக்கமானது.

இத்தனையும் தமிழுக்கு ஒரே நாளில் வரவில்லை. வந்த வழியும் ஒன்றில்லை. வங்கி ஒன்றைக் கொண்டுவந்தது, மருத்துவமனை ஒன்றை, சுங்கச்சாவடி ஒன்றை, செஸ் ஒன்றை. அதனால் மொழிபெயர்த்தபோது தமிழர்கள் ஒரே சொல்லைத் தேடி அலையவில்லை. பணத்தாள் காசோலை ஆனது. நீரை மறிக்கும் செக் டேம் தடுப்பணை ஆனது. துணியில் கட்டம், நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி, உடலுக்குப் பரிசோதனை, கணக்குக்குச் சரிபார்ப்பு. ஆங்கிலம் ஒரே சொல்லில் குவித்ததைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது.

பேச்சிலோ 'செக்' அப்படியே நிற்கிறது. குழப்பம் ஏன் வருவதில்லை? விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லில், கூடவே வரும் வினையால் பொருள் தெளியும் வகையைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தனியே பிரிக்கிறார். வினையால் தெளியாத வகையில் பொருளை வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும் என்கிறார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. செக்கும் இந்த விதிக்கு அடங்கிவிட்டது. செக் கொடுத்தான் என்றால் காசோலை. செக் பண்ணினான் என்றால் சரிபார்த்தான். செக் வைத்தான் என்றால் மடக்கினான். 'செக் போட்டான்' மட்டும் இரண்டாவது வகை. வங்கியில் போட்டானா, செக் சட்டை போட்டானா என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

இவற்றில் 'செக் வை' என்பதை நான் மொழிபெயர்ப்பாகவே கருதவில்லை. ஆங்கில அரசியல் பேச்சில் 'செக்' என்றால் கட்டுப்பாடு, அதிகாரத்துக்குத் தடை. அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி 1788-இல் மேடிசன் எழுதிய கட்டுரைகள் அந்தப் பொருளில் நடக்கின்றன. அங்கே சதுரங்கம் எப்போதோ மறந்துபோனது. தமிழ்த் தலைப்புச் செய்தியிலோ சதுரங்கம் உயிரோடு இருக்கிறது. ஒருவர் காய் நகர்த்துகிறார், எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்குத் தமிழ் தேர்ந்த வினையைப் பாருங்கள். பொறி வைப்பது, கண்ணி வைப்பது, வேட்டு வைப்பது, ஆப்பு வைப்பது. அந்த வரிசையில்தான் செக் வைப்பதும் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் அகராதி தொகுப்பவர்கள் 'செக்' என்ற தலைச்சொல்லுக்குக் 'காசோலை, ஆங்கிலம்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடக் கூடாது. பண்ணு, கொடு, போடு, வை என்று உடன் வரும் வினைகளோடு தனித்தனியே, செய்தித்தாள் மேற்கோள்களோடு அது பதிவாக வேண்டும். 'செக் வை' எந்த ஆங்கில அகராதியிலும் இடம்பெறப் போவதில்லை. அதைப் பதிய வேண்டியவர்கள் நாம்தான்.